கடற்கரைக்காகக் கப்பல் ஏறுகிறவர்களுக்கு

கப்பல் சுற்றுலா போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கப்பலுக்காகப் போகிறவர்கள் ஒரு வகை, கரைக்காகப் போகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினருக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. பதினைந்து மாடி, நாலு வேளை சாப்பாடு, ராத்திரி நாடகம், நீச்சல் குளம் எல்லாம் கப்பலிலேயே இருக்கிறது. அது எந்த ஊரில் நின்றாலும் அவர்களுக்கு ஒன்றுதான். மணலில் கால் வைக்கவும் தண்ணீரில் நிற்கவும் ஆசைப்பட்டுப் பணம் கட்டுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர்களில் பலர் விளம்பரத்தில் கப்பலின் படத்தைப் பார்த்துச் சீட்டு வாங்குகிறார்கள். அவர்கள் பார்க்க வேண்டியது நேர அட்டவணையை.

நம் ஊரில் இது வெறும் பேச்சு இல்லை. பிள்ளைகள் பிரான்சில் இருக்கிற வீடுகள் நம் தெருக்களில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். சொல்தா பென்ஷன் வாங்கிய தாத்தாவின் பேரப்பிள்ளைகள் இப்போது அங்கே நல்ல வேலையில் இருக்கிறார்கள். "அப்பா, அம்மா, இந்த வருஷம் எல்லாரும் சேர்ந்து கப்பலில் போவோம்" என்று டிக்கெட் அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். என் மாப்பிள்ளையும் அப்படித்தான் ஒரு அட்டவணை அனுப்பினார். வருகிற ஜனவரியில், கரீபியன் கடலில், ஏழு இரவுகளுக்கு ஏழு தீவுகள். "மாமா, ஒரு நாள்கூட வீணாகவில்லை, பாருங்கள்" என்று பெருமையாக எழுதியிருந்தார்.

நான் முப்பத்தைந்து வருடம் அரசாங்கத்தில் எழுத்தராக இருந்தவன். ஒரு காகிதம் வந்தால் அதைக் கோடு போட்டுக் கட்டம் கட்டிப் பார்க்காமல் விடமாட்டேன். மாப்பிள்ளையின் அட்டவணையையும் அப்படியே செய்தேன். முதல் கட்டத்தில் கப்பல் துறைமுகத்துக்கு வரும் நேரம், அடுத்ததில் புறப்படும் நேரம், அதற்கடுத்து துறைமுகத்திலிருந்து மணலுக்கு எவ்வளவு தூரம், கடைசியில் என் வீட்டுக்காரி தண்ணீரில் நிற்கக்கூடிய நேரம். கடைசிக் கட்டத்தை நிரப்பும்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

காலை எட்டு மணிக்குக் கப்பல் கட்டும், மாலை ஐந்து மணிக்குப் புறப்படும் என்றால் ஒன்பது மணி நேரம் என்று நினைப்போம். அந்தத் தீவு அதிகாரிகள் காகிதம் பார்த்து அனுமதி கொடுத்த பிறகே இறங்கலாம். மூவாயிரம் பேர் இறங்குகிற வரிசை என்பதால் ஒன்பது மணி ஆகிவிடும். புறப்படுவதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னால் எல்லோரும் ஏறியாக வேண்டும் என்பது விதி. வாடகை வண்டி தேடுவது, போவது, வருவது, சாலை நெரிசலுக்குப் பயந்து சீக்கிரம் கிளம்புவது எல்லாவற்றையும் கழித்தால் மணலில் மிஞ்சுவது நாலு மணி, நல்ல துறைமுகமாக இருந்தால் ஐந்து மணி. கப்பலோடு போகிறவர்கள் பயப்பட வேண்டியது கடற்கொள்ளைக்காரனுக்கு இல்லை, வண்டிக்காரனின் "இதோ பத்து நிமிஷம்" என்ற வார்த்தைக்கு. தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

அதோடு இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. எல்லா ஊரிலும் கப்பல் கரையைத் தொடுவதில்லை. சில இடங்களில் நடுக்கடலில் நங்கூரம் போட்டுவிட்டுச் சிறு படகில் ஆட்களை இறக்குவார்கள். நம் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் கப்பல் தூரத்தில் நிற்க, சலங்கில்தான் ஆளும் சரக்கும் கரைக்கு வந்தன. பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு 'ஷெலேங்' என்றார்கள். 2025 ஜூலையில் நம் ஊருக்கு வந்த உல்லாசக் கப்பலும் கடலில்தான் நின்றது, பயணிகள் படகில் வந்தார்கள். கரீபியனில் கிராண்ட் கேமன் என்ற தீவு, ஏழு மைல் கடற்கரை என்று பெயர் பெற்ற வெள்ளை மணலுக்காகவே ஜனங்கள் போகிற தீவு, அப்படிப்பட்ட இடம்தான். அங்கே பெரிய கப்பலுக்குத் துறை கிடையாது, படகுதான். அலை அதிகமாக இருந்தால் கேப்டன் "இன்று இறங்க வேண்டாம்" என்று அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. முட்டி ஆபரேஷன் செய்துகொண்டவர் ஆடுகிற படகில் கால் மாற்றி வைப்பதை நினைத்துப் பாருங்கள். ஆகவே கட்டும் துறையா, படகுத் துறையா என்பதைச் சீட்டு வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரியின் முட்டியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அவளுடைய ஆசையையும் சொல்லிவிடுகிறேன். அவள் குருசுக்குப்பத்துப் பெண். அவள் சிறு வயதில் வீட்டிலிருந்து இறங்கினால் மணல். இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள், காந்தி சிலைக்கு முன்னாலும் அகலமாக மணல் இருந்தது. 1980-களின் கடைசியில் தெற்கே ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கருங்கல் தடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். நம் கரையில் மணல் வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதைத் தடுத்தது. சுவருக்குத் தெற்கே மணல் மேடாகச் சேர்ந்தது, வடக்கே ஊருக்கு முன்னால் இருந்ததைக் கடல் தின்றது. பிறகு கரையைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். அதன்பின் நமக்குக் கடல் இருந்தது, கடற்கரை இல்லை. சில வருடங்களுக்கு முன் தேசியக் கடல்தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலுக்கடியில் இரும்புத் திட்டு ஒன்றை இறக்கியதில் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் குருசுக்குப்பத்தில் இன்றும் கல்தான். அவள் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை: கல்லில் ஏறி இறங்காமல், முட்டி அளவுத் தண்ணீரில், கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்க வேண்டும். ஏழு தீவு பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை அவளுக்கு இல்லை, எனக்கும் இல்லை.

அந்த ஒரு ஆசையை வைத்துக்கொண்டு உலகப் படத்தைப் பார்த்தால் பல வழிகள் தாமாகவே அடிபட்டுப் போகின்றன.

மத்தியதரைக் கடலைப் பலரும் முதலில் சொல்வார்கள், பாரீசிலிருந்து பக்கம் என்பதால். மார்செய், ஜெனோவா, ரோமுக்காகச் சிவித்தாவெக்கியா, புளோரன்சுக்காக லிவோர்னோ, பார்சலோனா. அது தேவாலயம் பார்க்கிற பயணம், அருமையான பயணம், கடற்கரைப் பயணம் இல்லை. துறைமுகத்திலிருந்து ரோமுக்குப் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீஸ் நகரத்துப் புகழ்பெற்ற 'பிளாழ்' முழுக்கக் கூழாங்கல். நம் ஊர்க் கல்லிலிருந்து தப்பிக்க அங்கே போவானேன்? கிரேக்கத்தின் சாந்தோரினி காலண்டரில் அழகாக இருக்கும். அங்கேயும் கப்பல் கடலில் நின்று, படகில் இறங்கி, செங்குத்துப் பாறையில் கேபிள் கார் ஏறித்தான் ஊருக்குப் போக வேண்டும். நம் வயதுக்கு அது தண்டனை.

கரீபியனுக்கு வருவோம். நம் ஊரும் கிரெனடா தீவும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 12 பாகையில் இருக்கின்றன. அதனால் அங்கே வெயிலோ வியர்வையோ நமக்குப் புதிது இல்லை. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவான காலம். ஜூன் முதல் தேதியிலிருந்து நவம்பர் கடைசி வரை புயல் காலம். செப்டம்பரில் கட்டணம் ஏன் குறைகிறது என்று சிலர் ஆச்சரியப்படுகிறார்கள். 2017 செப்டம்பரில் இர்மா புயல் சேன்-மார்த்தன் தீவையும், அதே மாதம் மரியா புயல் டொமினிக்காவையும் என்ன செய்தன என்று தெரிந்தால் ஆச்சரியப்பட மாட்டார்கள். தானே புயலைப் பார்த்த நமக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

தீவுகளிலும் எல்லாம் ஒன்று இல்லை. எரிமலைத் தீவுகள் உண்டு, சுண்ணாம்பு, பவளத் தீவுகள் உண்டு. எரிமலை மண் உள்ள இடத்தில் மணல் கறுப்பாக இருக்கும், உச்சி வெயிலில் கால் வைக்க முடியாது. டொமினிக்கா பச்சைப் பசேலென்ற மலை, ஆறு, அருவி உள்ள அழகான தீவு. மணலுக்காக அங்கே போக வேண்டாம். மாப்பிள்ளையின் ஏழில் அதுவும் ஒன்று. பார்படோஸ் பவளச் சுண்ணாம்பினால் ஆனது, மணல் வெள்ளை, பிரிட்ஜ்டவுன் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கார்லைல் விரிகுடா இருக்கிறது, தண்ணீர் குளம் மாதிரி. கிரெனடாவில் கிராண்ட் ஆன்ஸ் என்ற மூன்று கிலோமீட்டர் நீளக் கடற்கரைக்குத் தலைநகரத்துத் துறையிலிருந்தே படகு வண்டி போகிறது. சேன்-மார்த்தனின் டச்சுப் பகுதியில் பிலிப்ஸ்பர்க் ஊர் கடற்கரையிலேயே இருக்கிறது, கப்பலை விட்டு நடந்தே போய்விடலாம். மார்த்தினிக்கில் வடக்கே எரிமலை, கறுப்பு மணல். தெற்கே சலீன் கடற்கரை வெண்மணலும் தென்னையும், ஆனால் ஃபோர்-து-பிரான்ஸ் துறைமுகத்திலிருந்து வண்டியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆசைக்குப் போகலாம், நேரம் பார்த்துப் போக வேண்டும். அதைவிட நகரத்துப் படகில் இருபது நிமிடத்தில் எதிர்க்கரையில் இருக்கும் துருவா-சிலேவுக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டு வருவது புத்திசாலித்தனம்.

திசையும் முக்கியம். அங்கே காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். ஆகவே தீவுகளின் கிழக்குக் கரை அலை மோதும் கரை, மேற்குக் கரை அமைதியான கரை. 2011-லிருந்து சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி அட்லாண்டிக்கிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து ஒதுங்குகிறது. அழுகினால் கெட்டுப்போன முட்டை நாற்றம். அதுவும் பெரும்பாலும் கிழக்கையும் தெற்கையும் பார்த்த கரைகளில்தான், கோடை மாதங்களில் அதிகம். வங்காள விரிகுடாவைப் பார்த்து வளர்ந்த நமக்குக் கடற்கரை என்றாலே கிழக்குதான். அங்கே போனால் மேற்கைப் பார்த்து நிற்கப் பழக வேண்டும்.

கப்பல் கம்பெனிகளின் சொந்தத் தீவுகளைப் பற்றியும் கேட்பீர்கள். பஹாமாசில் பல கம்பெனிகளுக்கு அப்படி உண்டு. ஒரு கம்பெனியின் ஓஷன் கே என்ற தீவு முன்பு மணல் அள்ளி விற்ற இடம், அதைச் செப்பனிட்டு 2019-இல் திறந்தார்கள். இறங்கினால் மணல், குடை, நாற்காலி, கழிப்பறை எல்லாம் கையெட்டும் தூரத்தில். முட்டிக்கு அதைவிட வசதி கிடையாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே ஊர் இல்லை. மீன் விற்கிற பொம்பளை இல்லை, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை இல்லை, கோவில் மணியோ மாதா கோவில் மணியோ இல்லை. அரை நாளுக்கு மேல் எனக்கு மூச்சு முட்டும். என் வீட்டுக்காரி இந்த இடத்தில் என்னோடு ஒத்துப்போகவில்லை. மீன் விற்கிற பொம்பளையை முத்தியால்பேட்டை மார்க்கெட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள்.

இவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு லட்சத்தீவு இருக்கிறது. கொச்சியிலிருந்து அரசாங்கமே நடத்துகிற 'சமுத்திரம்' என்ற ஐந்து நாள் திட்டம் ஒன்று உண்டு. இரவில் கப்பலில் தூங்கி, பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளில் இறங்குவது. கடற்கரைக்கென்றே போட்ட அட்டவணை அது, அநாவசியம் எதுவும் இல்லை. பவளத் திட்டுக்குள் தண்ணீர் அசையாமல் நிற்கும். ஆனால் கப்பல் திட்டுக்கு வெளியே நிற்கும், படகு மாறித்தான் இறங்க வேண்டும். மழைக்காலத்தில் கிடையாது, நுழைவு அனுமதியும் முன்கூட்டியே வாங்க வேண்டும். கால் நன்றாக இருக்கும்போதே போய்விடுங்கள். கப்பல் ஓடுகிற தேதிகளைக் கேட்டுக்கொண்டு பிறகு ரயில் டிக்கெட் போடுங்கள்.

என் மாப்பிள்ளைக்கு நான் எழுதிய பதிலில் முக்கியமான விஷயம் ஒன்றுதான்: ஏறுகிற துறைமுகத்தையே கடற்கரையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாரீசிலிருந்து குவாதலூப்பின் புவாந்த்-ஆ-பித்ருக்கு எட்டு மணி நேர விமானம். குளிர்காலத்தில் அங்கிருந்தே கப்பல்கள் கிளம்புகின்றன. இரண்டு நாள் முன்னதாகப் போய், சேந்த்-ஆன் ஊரில் அறை எடுத்துத் தங்கினால் போதும். பவளத் திட்டு அலையைத் தடுத்துவிடுவதால் கரையோரம் தண்ணீர் முட்டி அளவில் சாந்தமாக இருக்கும். கப்பலின் மணி பார்த்து ஓட வேண்டியதில்லை. விமானம் தாமதமானால் கப்பலைத் தவறவிடும் பயமும் இல்லை. பிறகு ஏழு தீவுக் கப்பலுக்குப் பதில் நாலு துறையும் இரண்டு நாள் வெறும் கடலுமாக ஒரு பயணம். பேரப்பிள்ளைகளுக்கு அந்த இரண்டு நாளும் கப்பலின் சறுக்கு விளையாட்டு போதும், எனக்கு நாற்காலி போதும்.

குவாதலூப்பை நான் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாப்பிள்ளைக்கு அது தெரியாது. பிரெஞ்சு வழியில் படித்தபோது வரைபடத்தில் அந்தத் தீவுகளின் பெயரை எங்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அங்கே நம் ஜனங்கள் போனதை எந்தப் பாடத்திலும் சொல்லவில்லை. 1848-இல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமென்று புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். ஒரெலி என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கின் சேன்-பியேரிலும், 1854 டிசம்பர் 24 அன்று புவாந்த்-ஆ-பித்ரிலும் முதல் கூட்டத்தை இறக்கியது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏறத்தாழ மூன்று மாதப் பயணம். அடுத்த முப்பது, முப்பத்தைந்து வருடங்களில் குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேல், மார்த்தினிக்குக்கு சுமார் இருபத்தையாயிரம் பேர். கல்கத்தாவிலிருந்து ஏற்றப்பட்டவர்களும் அதில் உண்டு. பலர் திரும்பவில்லை, ஏராளமானோர் நோயில் செத்தார்கள். மிஞ்சியவர்களின் சந்ததியினர் இன்றும் மாரியம்மனை 'மாலியேமேன்' என்று கும்பிடுகிறார்கள். கறித்தூள் போட்ட குழம்புக்கு அங்கே 'கொலொம்போ' என்று பெயர். சிதம்பரம் என்ற பெயர் எத்தா சிவில் பதிவேட்டில் 'சிதம்பாரோம்' ஆகியிருக்கிறது. நம் ஊர்ப் பதிவேடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த எழுத்து விளையாட்டு புதிது இல்லை. ஆன்ரி சிதம்பாரோம் என்ற மனிதர் நம்மவர்களுக்குக் குடியுரிமையும் ஓட்டும் வேண்டுமென்று 1904-லிருந்து வழக்காடி, 1923-இல் வாங்கிக் கொடுத்தார். கப்பேஸ்தேர் ஊரில் ஷாங்கி என்ற இடத்தில் வண்ணக் கோபுரத்தோடு ஒரு கோவில் இருக்கிறது. புவாந்த்-ஆ-பித்ரின் பழைய துறையருகே அந்த முதல் நாளுக்கான நினைவுச் சின்னமும் இருக்கிறது. கப்பலுக்கு முன்னதாக இரண்டு நாள் கிடைத்தால் இவற்றுக்கு ஒரு காலை நேரம் ஒதுக்கலாம். ஒன்பது மணிக்கு இறங்கி நாலு மணிக்கு ஏறுகிறவன் கோவிலையும் மணலையும் ஒரே நாளில் பார்க்க முடியாது.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாரீசுக்குப் போக வாங்கும் ஷெங்கன் விசா குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் செல்லாது. பிரான்சின் மாவட்டம்தான், விமானம் உள்நாட்டு விமானம்தான், ஆனாலும் அந்தத் தீவுகளுக்கென்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். மற்றத் தீவுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம். சேன்-தொமா, சான் ஹுவான் போன்ற அமெரிக்கத் துறைகள் வழியில் வந்தால் அமெரிக்க விசாவும் வேண்டும். கப்பலை விட்டு இறங்காவிட்டாலும் காகிதம் கேட்பார்கள். பிள்ளைகள் பிரெஞ்சு குடிமக்களாக இருப்பதால் இது அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. நீங்கள்தான் நினைவுபடுத்த வேண்டும், அதுவும் முன்பணம் கட்டும் முன்பே.

மாப்பிள்ளை இரண்டு நாளாகப் பதில் போடவில்லை. நேற்று மகள் மட்டும் போனில் பேசினாள். டொமினிக்காவை எடுத்துவிட்டதாகவும், மற்றதை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசுவதாகவும் சொன்னாள். அவள் அம்மா போனை வாங்கி, சேந்த்-ஆனில் தண்ணீருக்குள் போகும்போது பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்குமா என்று கேட்டாள். "அப்பாதான் இருக்கிறாரே" என்றாளாம் மகள்.